நத்தைக்குக் காது கிடையாது

கீரியும் பாம்பும் என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். மாமியார் மருமகளைச் சொல்ல, சொத்துக்கு அடித்துக்கொள்ளும் பங்காளிகளைச் சொல்ல, அந்த ஜோடி எப்போதும் தயாராக இருக்கிறது. கீரியும் நத்தையும் என்று சொல்லிப் பாருங்கள், இவனுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். போன ஐப்பசி மழையில் ஒரு வாரம் பத்து நாள் என் வீட்டுக் கொல்லையில் அந்த ஜோடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி பண்ண வேண்டும் என்று உட்காரவில்லை. என் முந்திரிக்கொட்டைத்தனத்தால் உட்கார நேர்ந்தது.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். திண்டுக்கல் நாகல் நகரில் கடை. கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் என்று கருகிப்போனது எல்லாம் என்னிடம் வரும். கொண்டுவருகிறவர் வாயைத் திறப்பதற்குள் எனக்கு விஷயம் தெரிந்துவிடும். "அண்ணே, நேத்து கரண்டு வந்து வந்து போச்சு, அப்பொறம் பாத்தா..." என்று ஆரம்பிப்பார். "காயில் போச்சு, வியாழக்கிழமை வாங்க" என்பேன். கருகின வார்னிஷ் வாசனையே மீதிக் கதையைச் சொல்லிவிடும். பெரும்பாலும் நான் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அதனால் யாரையும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசவிடாத பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது. கடையில் இதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பெயர். வீட்டில் வேறு பெயர் உண்டு, என் மனைவி கோபம் வந்தால் மட்டும் அதைச் சொல்லுவாள்.

சின்ன வயதில் என்னைக் கீரி என்று கூப்பிடுவார்கள். அக்கா வைத்த பட்டம். ஒல்லி உடம்பு, ஓர் இடத்தில் நிற்காத கால். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அந்த அக்கா ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறாள். கட்டிக்கொடுத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் பேச்சில் பாதி அந்தப் பக்கமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. வீட்டு முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டிக் கொடுக்கிறாள். மாமா மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஆபரேஷனுக்காக நடந்துபோய்ப் படுத்தார், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவள் ஆஸ்பத்திரி இருக்கிற தெரு வழியாகக்கூடப் போகமாட்டாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் சிறுநீரகத்தில் கல் வந்தது. தண்ணீர் குடித்துக் கரைக்கிற அளவைத் தாண்டிவிட்டது, லேசர் வைத்து உடைத்து எடுக்க வேண்டும், நாள் கடத்தினால் கிட்னியே கெட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா இரண்டு வாரம் தவணை கேட்டுவிட்டு வந்து எனக்குப் போன் போட்டாள். நான் கடையில் ஒரு பெரிய மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தேன்.

"தம்பி, ஆபரேசன் பண்ணோணும்ங்கறாங்கடா. எனக்கு..."

"அதெல்லாம் வேணாம்க்கா. நாட்டு வைத்தியத்துலயே கரைச்சுப்புடலாம்."

"அதுக்குத்தான் கூப்புட்டேன். இங்க ஒரு வைத்தியரு சொன்னாரு. மழை பேஞ்சா உங்க பக்கமெல்லாம் எங்க பாத்தாலும் கெடக்குமாம். நத்தைச்சூ..."

"நத்தை சூப்பா? தெரியும், தெரியும். நான் பாத்துக்கறேன், நீ வையி."

வைத்துவிட்டேன். நத்தை சூப்பு மூலத்துக்கு நல்லது என்பது ஊரறிந்த வைத்தியம். மூலத்துக்கு ஆகிறது கல்லுக்கு ஆகாதா? தவிர, அவள் சொன்னது எல்லாம் பொருந்தியது. மழை பெய்திருந்தது. எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் நத்தை கிடந்தது. "காயில் போச்சு" என்று சொல்லும்போது வருகிற அதே தெம்பு எனக்கு வந்தது. அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து நானே காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்தபோது உண்மையாகவே நெஞ்சு நிறைந்துபோனது.

எங்கள் வீடு ஊருக்கு வெளியே, சின்னாளப்பட்டிக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும். பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. இரண்டு முருங்கை, ஒரு வாழைக்கூட்டம், என் மனைவியின் கனகாம்பரப் பாத்தி, துவைக்கிற கல், மூலையில் நான் தூக்கிப் போட்ட பழைய மோட்டார் கூடுகளின் குவியல். மழை பெய்தால் மறுநாள் காலையில் காம்பவுண்டுச் சுவர் முழுக்க நத்தை. கைப்பிடி அளவு, பழுப்பில் கோடு கோடாக. ஆப்பிரிக்கா நத்தை என்கிறார்கள். கனகாம்பரத்தையும் பப்பாளிக் கன்றையும் மொட்டையடித்துவிடும் என்பதால் என் மனைவிக்கு இவற்றைக் கண்டாலே ஆகாது. நான் பெயிண்ட் வாளியோடு பொறுக்கக் கிளம்பியபோது முதலில் சந்தோஷப்பட்டாள். எதற்கென்று தெரிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் நிலக்கோட்டைப் பக்கம், நெல் விளைகிற ஊர்.

"என்னங்க, நாங்க திங்கிறது வயக்காட்டு நத்தை. தண்ணிக்குள்ள கெடக்கும். அதுக்கு வாயில ஒரு மூடி இருக்கும். இது செவுத்துல ஏறுது, மூடியும் இல்ல. இதப் போயி..."

"எல்லாம் ஒரே நத்தைதான்."

"என் பாத்திரத்துல இது ஏறுச்சு, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். கையில கவரையாவது மாட்டிக்கிட்டு எடுங்க."

கவர் மாட்டிக்கொண்டேன். வாளி நிறையப் பொறுக்கினேன். உள்ளே இருக்கிற அழுக்கு போகட்டும் என்று தவிட்டைப் போட்டு, மேலே பலகை வைத்து, பலகை மேல் செங்கல் வைத்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் செங்கல் இருந்த இடத்தில் இருக்கிறது, பலகை ஒரு விரல்கடை விலகியிருக்கிறது, வாளியில் பாதிக்கு மேல் இல்லை. சுவரில், குழாயில், வாளியின் வெளிப்பக்கத்தில் எல்லாம் பளபளவென்று கோடு. ஒன்று தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கே போயிருந்தது. நத்தை வேகம் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! ஒரே ராத்திரியில் என் வேலையை வீணாக்கிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மறுபடி பொறுக்கினேன். இன்னொரு செங்கல் வைத்தேன்.

அதற்கு மறுநாள் துவைக்கிற கல்லைச் சுற்றி ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. காக்கா வேலை என்று நினைத்தேன். அன்று காலை வெயில் ஏறின பிறகு, பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது, மோட்டார் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது. பின்னால் தலை, அதன் பின்னால் நீளமாக உடம்பு, உடம்பு முடிந்த பிறகும் அதே நீளத்துக்கு வால். நான் வாயில் நுரையோடு அசையாமல் நின்றேன். கீரி. நான் காயில் எடுத்துவிட்டுத் தூக்கி எறிந்த கூடுகளுக்குள் அது குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

"கீரிப்பிள்ளை முகத்துல முழிச்சிருக்கீங்க, நல்லதுதான்" என்றாள் மனைவி ஜன்னல் வழியாக. சத்தம் கேட்டதும் அது இருந்த இடத்தில் இல்லை.

அன்றிலிருந்து எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. காலையில் கடையைத் திறக்காமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்வாசலில் போட்டு, கையில் டீயோடு உட்கார்ந்துவிடுவேன். போன் அடித்தால் எடுப்பதில்லை. அக்காவுக்கு மருந்து தயாராகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை அதுதான். மீதிப் பாதி, வெறும் வேடிக்கை.

முதலில் என் கண்ணில் பட்டது நத்தையின் சுற்று. இது என் தொழில் புத்தி. ஓட்டைக் கையில் எடுத்து, கூர்முனை மேலேயும் வாய் என்னைப் பார்த்தும் இருக்கிற மாதிரிப் பிடித்தால், அந்த வாய் வலது பக்கம் வருகிறது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் வலது. வாளியில் இருந்த அத்தனையையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட இடது பக்கம் சுற்றவில்லை. என் கடையில் ஒரு காயிலை மாற்றிச் சுற்றிவிட்டால் மோட்டார் ஓடாமல் முனகிக்கொண்டே சூடேறும். எத்தனையோ வருஷ அனுபவத்துக்குப் பிறகும் எப்போதாவது எனக்கு அந்தத் தப்பு நடக்கும். இந்தக் கொழகொழ ஜந்து முட்டையிலிருந்து வந்த நாளிலிருந்து தப்பில்லாமல் சுற்றிக்கொண்டே போகிறது. சுற்றுக்குச் சுற்று அகலம் கூடுகிறது. கடைசிச் சுற்றில்தான் அது குடியிருக்கிறது. கூர்முனையில் இருக்கிற பொடிச் சுற்று அது பிறந்தபோது இருந்த வீடு. பிறந்த வீட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஒரே ஆள் இதுதான் என்று தோன்றியது.

கீரியிடம் இப்படிச் சுற்றிப் பார்க்க ஒன்றும் இல்லை. அதற்கு உள்ளே எலும்பு, வெளியே உப்பும் மிளகும் கலந்தாற்போல மயிர். அடி விழும் என்று தோன்றினால் மயிரை நிமிர்த்திக்கொண்டு இரண்டு மடங்காகி நிற்கும். நத்தை அதே பயத்துக்கு உள்ளே சுருங்கிக் காணாமல் போகும். ஒன்று தன்னைப் பெரிதாகக் காட்டித் தப்பிக்கிறது, ஒன்று இல்லாததுபோலக் காட்டித் தப்பிக்கிறது.

கண் விஷயம் இன்னும் விசித்திரம். நத்தைக்கு நான்கு கொம்பு. மேலே இருக்கிற நீளமான இரண்டின் நுனியில் கடுகு மாதிரிக் கண். விரலை நீட்டினால் கையுறையின் விரலை உள்பக்கமாக இழுப்பது போலக் கண்ணையே உள்ளே இழுத்துக்கொள்ளும். கீழே இருக்கிற குட்டைக் கொம்பு இரண்டும் தரையைத் தடவித் தடவி மோந்துகொண்டே போகும். கீரியின் கண்ணை ஒருநாள் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தேன். செம்பழுப்பு. கருமணி படுக்கைவாட்டில் கோடாக இருந்தது. அய்யலூர் சந்தையில் ஆட்டின் கண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே மாதிரி. புல் தின்கிற ஆட்டுக்கும் பாம்பைத் தின்கிற கீரிக்கும் எப்படி ஒரே கருமணி வந்தது என்று அன்று முழுக்க யோசித்தேன். கடையில் ஒருவருடைய மிக்ஸியை மூன்று முறை திறந்து மூடினேன்.

ஒருநாள் வாழைக்கு அடியில் இரண்டு நத்தைகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. போனில் தேடிப் படித்தேன். ஒவ்வொரு நத்தையும் ஆணும்தானாம், பெண்ணும்தானாம். இரண்டுமே முட்டை இடுமாம். மண்ணைக் கிளறிப் பார்த்தபோது பெரிய ஜவ்வரிசி போல மஞ்சள் வெள்ளையாகக் குவியல் இருந்தது. மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப ரெண்டும் சமைக்கும், ரெண்டும் பாத்திரம் வெளக்கும். நல்ல குடும்பம்" என்றாள்.

முட்டையை இட்டதோடு நத்தையின் பெற்றோர் வேலை முடிந்தது, அதன் பிறகு யார் பிள்ளை எது என்று அதற்குத் தெரியாது. கீரி அப்படி இல்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அது குவியலுக்கு அடியிலிருந்து வரும்போது பின்னால் இரண்டு குட்டிகள் வந்தன. தாயின் வால் நுனியை முதல் குட்டியின் மூக்கு தொட்டது, அதன் வாலை அடுத்ததன் மூக்கு. மூன்றும் ஒரே நீளப் பிராணிபோலக் கனகாம்பரப் பாத்தியைக் கடந்துபோயின. அணிலுக்கும் கிளிக்கும் தென்னைக்கும் போல கீரிக்கும் நாம் பிள்ளை என்று சேர்த்துக்கொள்கிறோம். நத்தைப்பிள்ளை என்று யாரும் சொன்னதில்லை. அதற்காக நத்தை வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் நான் பார்க்க உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. அந்தக் கெட்டி ஓட்டைக் கீரி எப்படி உடைக்கிறது என்பதற்குத்தான். பலகையை மூக்கால் நெம்பி, ஒன்றைக் கவ்விக்கொண்டு கல்லுக்கு வரும். கல்லுக்கு முதுகைக் காட்டி நிற்கும். முன்னங்கால் இரண்டாலும் நத்தையைப் பிடித்து, தன் பின்னங்கால்களுக்கு நடுவே பின்பக்கமாக வீசும். கிரிக்கெட்டில் இப்படிப் பந்து போட்டால் ஊரே சிரிக்கும். ஓடு கல்லில் பட்டு டக்கென்று சத்தம் வரும். உடையாவிட்டால் ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி அதே இடத்தில் முதுகு காட்டி நிற்கும். உடைந்ததும் உடனே தின்னாது. சதையைத் தரையில் போட்டு மண்ணில் தேய்த்துத் தேய்த்து, கொழகொழப்பு போன பிறகுதான் வாயில் வைக்கும்.

இதில் ஒரு விஷயம் என்னைத் தொந்தரவு பண்ணியது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் அது பின்னங்காலில் எழுந்து நின்றது. தலையை இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை திருப்பியது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற சின்ன வட்டக் காது. அதை வைத்துக்கொண்டு அது கேட்டுக்கொண்டே இருந்தது. ரோட்டில் லாரி போனால் கவலைப்படவில்லை. என் டீ கிளாஸ் தரையில் லேசாக உரசினால் போதும், போய்விடும். எல்லாம் அடங்குகிறவரை பொறுத்து நின்று, அதன் பிறகுதான் வேலையைச் செய்தது. அதன் ஓட்டம் மின்னல். ஆனால் அதனிடம் அவசரம் இல்லை. வேகமும் அவசரமும் ஒன்று என்று நான் ஐம்பது வயதுவரை நினைத்திருந்தேன்.

நத்தைக்குக் காது உண்டா என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. ஓர் அலுமினியச் சட்டியை எடுத்து வந்து வாளிக்குப் பக்கத்தில் கரண்டியால் தட்டினேன். ஒரு கொம்புகூட அசையவில்லை. ஓங்கித் தட்டினேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். நத்தை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தரை அதிர்ந்தால் தெரிகிறது, தொட்டால் தெரிகிறது. சத்தம் அதன் உலகத்திலேயே இல்லை. உள்ளே வந்து மனைவியிடம் பெரிய கண்டுபிடிப்பாக அறிவித்தேன்.

"நத்தைக்குக் காது கெடையாதுடி!"

"அதுக்கு எதுக்கு நத்தையப் பாக்கணும்? உங்களப் பாத்தாலே போதுமே. ஓட்டத்துல கீரி, காதுல நத்தை. ரெண்டும் சேந்து எனக்கு வாச்சிருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்று காலை அவளிடம் பேசாமலே கடைக்குப் போனேன்.

கடையில் இருந்தபோது அக்கா கூப்பிட்டாள். தவணையில் ஒரு வாரம் ஓடிவிட்டிருந்தது.

"தம்பி, கெடச்சுதா?"

"ஒரு வாளி இருக்கு. தவிட்டுல போட்டு வச்சிருக்கேன்."

"தவிட்டுலயா? எதுக்குடா?"

"அழுக்குப் போகணும்ல."

"ரெண்டு தரம் தண்ணில அலசினாப் பத்தாதா? காய வெக்கோணும்னு சொன்னாரே."

"காய வச்சா செத்துப்போகும்க்கா."

"செத்தா என்னடா? காஞ்சாத்தானே பொடி பண்ண முடியும். வேரோட..."

"சரி சரி, அதெல்லாம் எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம கொண்டாரேன்" என்று வைத்துவிட்டேன். வேர் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. விழுந்து என்ன பிரயோஜனம்? வைத்தியர்கள் ஆளுக்கொரு மாதிரி சொல்லுவார்கள் என்று தள்ளிவிட்டேன்.

சனிக்கிழமை சூப்புக்கு மிளகும் திப்பிலியும் வாங்க நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நிதானமான மனுஷர். நூறு கிராம் மிளகை ஆசாரி தங்கம் நிறுப்பது போல நிறுப்பார். அவர் கடையில் நின்றால் எனக்குக் கால் துடிக்கும்.

"திப்பிலி எதுக்குண்ணே? சளியா?"

"நத்தை சூப்புக்கு. அக்காவுக்குக் கிட்னில கல்லு."

நிறுத்துக்கொண்டிருந்த கை நின்றது. "என்ன நத்தை?"

"நம்ம செவுத்துல ஏறுமே, அதுதான்."

"யாரு சொன்னது?"

"ஒட்டன்சத்திரத்துல ஒரு வைத்தியரு."

"அவரு என்ன வார்த்தை சொன்னாரு? அதை அப்படியே சொல்லுங்க."

என்னால் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதை அக்கா என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. சொல்ல நான் விடவில்லை. "நத்தைச்சூ" வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

அவர் திரும்பி, மேல் தட்டிலிருந்து ஒரு பையை எடுத்துப் பிரித்தார். காய்ந்த செடி. மெல்லிய தண்டு, கணுவுக்குக் கணு பொடிப் பொடியாக விதை முடிச்சு. "நத்தைச்சூரி. இது செடிண்ணே. இந்த மழைக்கு உங்க கொல்லையிலயே கெடக்கும், தேடிப் பாருங்க. அந்த நத்தையத் தின்னுராதீங்க, வேற நோவ இழுத்து விட்டுரும். தொட்டாலே சோப்புப் போட்டுக் கையக் கழுவணும். இன்னொன்னு சொல்றேன், செத்த நேரம் நின்னு கேளுங்க. இது ஒடம்புச் சூட்டுக்கு ஆகும், சின்னக் கல்லுக்குத் தாராங்க. டாக்டரு ஆபரேஷன்னு சொன்ன கல்லுக்கு இதையே நம்பி உக்காந்திருக்கக் கூடாது. அக்காகிட்டச் சொல்லுங்க."

நின்று கேட்டேன். அவர் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பயம் அதிகமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் தூக்குச் சட்டியில் சூப்பைக் கொண்டுபோய் நீட்டியிருந்தால் அக்கா குடித்திருப்பாள். தம்பி இம்புட்டுக் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தானே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாவது குடித்திருப்பாள். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரத்தை வேறு முழுங்கியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். துவைக்கிற கல்லைச் சுற்றி, கீரி நின்ற இடத்தில், என் நாற்காலிக்குக் கீழே, எல்லா இடத்திலும் நத்தைச்சூரிதான். மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறேன். வாளிப் பலகையை எடுத்துவிட்டு வாளியைக் கல் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். கீரி சாப்பிட்டது போக மிச்சம் கனகாம்பரத்துக்குப் போயிருக்கும். மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "போயி அக்காகிட்டப் பேசிட்டு வாங்க. பேசிட்டுன்னா, கேட்டுட்டு" என்றாள்.

ஒட்டன்சத்திரத்தில் அக்கா சிரித்தாள். பொடி பண்ண வேண்டும் என்று அவள் சொன்னதையும் செத்துப்போகும் என்று நான் சொன்னதையும் திருப்பித் திருப்பிச் சொல்லி, இடுப்பு வலிக்குது என்று பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலி அதிகமாகி நிறுத்தினாள். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் வாடியது. எழுந்துபோய் ஊற வைத்திருந்த உளுந்தில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள்.

"சொல்லுக்கா" என்றேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். என் நாக்கு மூன்று தடவை துடித்தது. அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா என்று ஒரு தடவை. இப்பல்லாம் லேசர், அரை மணி நேரம் என்று ஒரு தடவை. மாமா கேஸ் வேற என்று ஒரு தடவை. மூன்று தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கு இவ்வளவு கஷ்டமான வேலை வேறு எதுவும் இருந்ததில்லை.

"சாவுக்குப் பயமில்லீடா. உங்க மாமாவத் தள்ளிக்கிட்டுப் போனாங்களா, நானும் கூடவே போனேன். கதவுகிட்டப் போனதும் என் கையப் புடிச்சு என்னமோ சொல்ல வந்தாரு. 'ஏம்மா, அந்த...'ன்னாரு. அதுக்குள்ள உள்ள தள்ளிக் கதவச் சாத்திப்போட்டாங்க. அந்தன்னா எந்த? மூணு வருசமா நெனச்சுப் பாக்கறேன். அந்தச் சாவியா, அந்த ஆளா, அந்தச் சண்டையா, ஒண்ணும் புடிபடலீடா. எனக்கும் அப்படி ஆயிருமோன்னுதான். நான் சொல்ல நெனச்சதெல்லாம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமே சொல்லிப்போடோணும். கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். எனக்கு நீதான் இருக்கே. நீயானா..."

வாக்கியத்தை அவளே முடிக்காமல் விட்டாள். என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் முடித்து வைக்கவில்லை.

"நான் கேக்குறேன்க்கா" என்றேன்.

திண்டுக்கல்லில்தான் ஆபரேஷன். கல்லை எடுத்துவிட்டார்கள், மதியத்துக்குள் வெளியே வந்துவிட்டாள், இப்போது மறுபடி மாவு ஆட்டுகிறாள். அதெல்லாம் பிறகு. அன்று காலையில் பச்சை உடுப்பில் அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, மூலை வீட்டு டீச்சருக்குக் கொடுத்துவிடு என்றாள். மாடியில் வற்றல் காய்கிறது என்றாள். தோடு உன் மகளுக்கு, சண்டை போடாமல் வாங்கிக்கொள்ளச் சொல் என்றாள். நீ பள்ளிக்கூடத்தில் பெயிலானதை அப்பாவிடம் போட்டுக்கொடுத்தது நான்தான் என்றாள். மாமாவை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்று காலையில், காப்பி ஆறிப்போச்சு என்று அவர் சொன்னதற்கு, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன் என்றாள். அப்புறம் கூரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் வெயிட் பண்றாரு சார், உள்ள கொண்டுபோகணும்" என்று நர்ஸ் ஸ்ட்ரெச்சரில் கை வைத்தாள்.

நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன்.

"செத்த நேரம் இருங்க சிஸ்டர். எங்க அக்கா இன்னும் சொல்லி முடிக்கல."